நூறு எக்ஸும் நானூறு மீட்டர் பூநாரையும்: கேமரா வாங்குமுன் ஜூமைப் புரிந்துகொள்ள

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியின் நடுவே போகிறது. மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கிவிட்டால் சாலையின் இரண்டு பக்கமும் பூநாரைகள் வந்து இறங்கும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். பார்க்க வருபவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை ஓரங்கட்டிவிட்டுச் செல்போனை நீட்டுகிறார்கள். பூநாரையோ சாலைக்கு அருகில் வராது. ஆழமில்லாத தண்ணீரில், முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி நின்று, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருக்கும்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். கையில் கேமராவோடு யாராவது நின்றால் அவர்களிடம் திரும்பிக் கேட்பார்கள்: "அண்ணா, இந்த போன்ல நூறு எக்ஸ் இருக்குது. ஆனா படம் ஏன் இப்படிக் கலங்கலா வருது?"

நல்ல கேள்வி. போன் கெட்டுப்போகவில்லை, எடுப்பவர் கையிலும் குறை இல்லை. ஜூம் என்ற ஒரே பேரில் இரண்டு வேறு வேலைகளை விற்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கேமரா வாங்கினால், பணம் போன பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

முதல் வேலை கண்ணாடி செய்வது. அதற்கு ஆப்டிகல் ஜூம் என்று பெயர். லென்ஸ் என்று நாம் சொல்லும் குழாய்க்குள் பல கண்ணாடி வில்லைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் சில முன்னும் பின்னும் நகரும்போது லென்ஸின் குவியத் தூரம் மாறுகிறது. குவியத் தூரம் கூடினால், தொலைவில் இருக்கும் பொருளின் பிம்பம், வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சார்மேல் பெரிதாக விழும். சென்சாரின் எல்லாப் பிக்சல்களும் அந்தச் சின்ன இடத்தைப் படம்பிடிக்கவே வேலை செய்யும். பூநாரையின் வளைந்த அலகும் அதன் கறுப்பு நுனியும் உண்மையிலேயே வெளிச்சமாக வந்து சென்சாரில் பதிகின்றன. இந்த நுட்பம் ஒன்றும் புதிதில்லை. 35 மி.மீ. பிலிமில் புகைப்படம் எடுக்கும் கேமராக்களுக்கான முதல் ஜூம் லென்ஸான ஃபோய்க்ட்லாண்டர் ஜூமார் 1959லேயே வந்துவிட்டது. அதன் குவியத் தூர எல்லை 36 முதல் 82 மி.மீ. வரைதான்.

இரண்டாவது வேலை கணக்குப் போடுவது. இதுதான் டிஜிட்டல் ஜூம். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். சென்சாரில் விழுந்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, திரை நிறைய இழுத்துப் பெரிதாக்கி, இடையில் விழும் வெற்றிடங்களைப் பக்கத்துப் பிக்சலின் நிறத்தைப் பார்த்து இட்டு நிரப்புவார்கள். எட்டுப் புள்ளிக் கோலத்தை வாசல் நிறைய இழுத்துப் போட்டாலும் அது எட்டுப் புள்ளிக் கோலம்தான், புள்ளிகளுக்கு நடுவே தூரம் கூடுமே தவிரப் புதிதாக ஒரு புள்ளி வந்துவிடாது. டிஜிட்டல் ஜூமும் அப்படித்தான்.

இதில் இழப்பு எவ்வளவு என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இரண்டு மடங்கு என்றால் பாதி போகும் என்று நினைப்போம். நீளத்திலும் பாதி, அகலத்திலும் பாதி வெட்டுவதால் கால் பங்குதான் மிஞ்சும். 12 மெகாபிக்சல், அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சல் கொண்ட படம், இரண்டு மடங்கில் 3 மெகாபிக்சலாகிவிடும். நான்கு மடங்கில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.75 மெகாபிக்சல். பத்து மடங்கில் நூறில் ஒரு பங்கு. நூறு மடங்கு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 12 மெகாபிக்சல் மெயின் கேமராவில் வெறும் வெட்டலிலேயே நூறு எக்ஸ் போனால், கையில் மிஞ்சுவது 40க்கு 30 பிக்சல் கொண்ட ஒரு சின்னத் துண்டு. அதை வைத்துத்தான் திரை முழுக்கப் படம் காட்ட வேண்டும். போன்கள் இதற்கென்று டெலி லென்ஸ் என்ற தனித் தொலைதூர லென்ஸ் வைக்கின்றன என்பது சரிதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஏரிக்கரையில் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய பூநாரை நிமிர்ந்து நின்றால் சுமார் 1.3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 400 மீட்டர் தள்ளி நிற்கிறது. போனின் சாதாரண கேமரா 24 மி.மீ. குவியத் தூரத்துக்குச் சமமானது, படம் 4000க்கு 3000 பிக்சல். அந்தத் தூரத்தில் படச் சட்டத்தின் உயரத்துக்குள் 430 மீட்டர் அளவுக்கு வெளி அடங்குகிறது. ஆக, முழுப் பூநாரைக்கும் தலையிலிருந்து கால் வரை கிடைப்பது ஒன்பது பிக்சல். ஒன்பதே ஒன்பது. அதை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் வெள்ளையாக ஏதோ நிற்கிறது என்பதற்கு மேல் படத்தில் செய்தி இல்லை.

அதே 12 மெகாபிக்சல் சென்சாருக்கு முன்னால் 120 மி.மீ. லென்ஸ் இருந்தால் 45 பிக்சல் கிடைக்கும். பறவை என்று தெரியும், கழுத்து வளைவு தெரியும். 600 மி.மீ. என்றால் 225 பிக்சல். இங்கே வந்ததும் படம் பேச ஆரம்பிக்கிறது. அலகு நுனியின் கறுப்பு தெரியும். இளம்பறவையின் சாம்பல் பழுப்பையும் வளர்ந்த பறவையின் வெள்ளையையும் பிரித்துச் சொல்லலாம். 2000 மி.மீ.யில் 750 பிக்சல், 3000 மி.மீ.யில் ஆயிரத்துக்கு மேல். கேமரா வாங்கப் போகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நான் எடுக்க நினைக்கும் பொருளுக்கு, நான் நிற்கும் தூரத்தில், எத்தனை உண்மையான பிக்சல் கிடைக்கும்? மற்ற எல்லா விவரமும் இதற்குப் பிறகு.

அட்டைப்பெட்டியில் இருக்கும் எக்ஸ் எண் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. எக்ஸ் என்பது லென்ஸின் நீளமான முனையைக் குட்டையான முனையால் வகுத்து வரும் எண், அவ்வளவுதான். 24 முதல் 72 மி.மீ. வரை போகும் லென்ஸ் 3 எக்ஸ். 70 முதல் 300 மி.மீ. வரை போகும் லென்ஸ் ஏறத்தாழ 4.3 எக்ஸ். எண்களைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் ஒன்று முகத்தைக் காட்டும், இன்னொன்று ஊரைக் காட்டும். 200 முதல் 600 மி.மீ. வரை போகும் பெரிய லென்ஸ்கள் வெறும் 3 எக்ஸ்தான். பறவைப் படம் எடுப்பவர்கள் ஆசைப்பட்டு வாங்குவது அவற்றைத்தான். ஆகவே கடையில் "எத்தனை எக்ஸ்?" என்று கேட்காதீர்கள். "35 மி.மீ. கணக்கில் கடைசி எத்தனை மி.மீ.?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரர் உங்களுக்கு உதவ முடியாது.

அந்த '35 மி.மீ. கணக்கு' ஏன் என்றால், சென்சார் சிறியதானால் அதே லென்ஸ் குறுகலான காட்சியைக் காட்டும். ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும் என்பதால் பழைய பிலிம் சட்டத்தின் அளவுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். நிக்கான் பி1000 கேமராவின் லென்ஸ் 24 முதல் 3000 மி.மீ. என்று விளம்பரம் சொல்லும். உண்மையில் அந்த லென்ஸின் குவியத் தூரம் 4.3 முதல் 539 மி.மீ. வரைதான். சென்சார் மிகச் சிறியதாக இருப்பதால் காட்சி 3000 மி.மீ.க்குச் சமமாகிவிடுகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கு நடுவே எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பையனுக்குப் பறவைப் படத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று வீட்டில் பணம் சேர்த்து, லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா ஒன்றை வாங்கித் தருவார்கள். அதோடு வருவது 18–55 மி.மீ. லென்ஸ். இந்த வகை கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும், பிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.சி. சென்சாரில் 55 மி.மீ. என்பது 1.5 மடங்கு கணக்கில் 82 மி.மீ.க்குச் சமம். போனில் இருக்கும் 120 மி.மீ. டெலி கேமராவைவிடக் குறைவு! 24 மெகாபிக்சல் இருப்பதால் வெட்டிப் பெரிதாக்கினாலும் 400 மீட்டரில் இருக்கும் பூநாரைக்கு 44 பிக்சல் அளவுதான் கிடைக்கும், கிட்டத்தட்ட போன் அளவே. கல்யாணப் படத்துக்கும் வீட்டுப் படத்துக்கும் அந்த கேமரா போனைவிட எவ்வளவோ மேல். ஏரிக்கு மட்டும் அது போதாது. கேமரா உடம்பு வாங்கும்போதே 70–300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாவிட்டால், லென்ஸ் நிலையாகப் பொருத்திய பிரிட்ஜ் கேமராவே பறவைக்கு நல்லது என்பது என் முடிவு.

பிரிட்ஜ் கேமராக்களில் இரண்டு வகை இருக்கின்றன. முதல் வகை தூரத்தைத் துரத்துவது. 2015இல் வந்த நிக்கான் பி900, 83 எக்ஸ், 2000 மி.மீ. வரை. 2018இல் வந்த பி1000, 125 எக்ஸ், 3000 மி.மீ. வரை, எடை ஏறத்தாழ 1.4 கிலோ. 2025இல் வந்த பி1100லும் அதே 3000 மி.மீ. எல்லைதான். கேனான் எஸ்.எக்ஸ்.70 1365 மி.மீ. வரை போகும். இவை எல்லாவற்றிலும் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத சிறிய சென்சார். இரண்டாம் வகை தூரத்தைக் குறைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பிடிப்பது. 2017இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.10 மார்க் 4 அதற்கு எடுத்துக்காட்டு. 600 மி.மீ.யோடு நின்றுவிடும், ஆனால் அதன் சென்சார் பரப்பளவில் முதல் வகையைப்போல் நான்கு மடங்கு பெரியது. லென்ஸ் துளையும் கடைசி முனையில் எஃப் 4 வரை திறந்திருக்கும். எஃப் எண் சிறியதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்.

இந்த எஃப் எண்தான் விளம்பரத்தில் சின்ன எழுத்தில் போடும் விஷயம். பி1000 குட்டை முனையில் எஃப் 2.8, நீளமான முனையில் எஃப் 8. எஃப் 2.8இலிருந்து எஃப் 8க்குப் போகும்போது சென்சாருக்கு வரும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. பூநாரைகள் அழகாக இருப்பது விடியும் நேரத்தில். அப்போதோ வெளிச்சமே குறைவு. கேமரா ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறனை ஏற்றிச் சமாளிக்கும், படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும், அவற்றை அழிக்கக் கேமராவே படத்தை மெழுகிவிடும். இறகின் வரிகள் போய்விடும். ஆப்டிகல் ஜூம்தான், ஆனாலும் விவரம் இல்லை.

இன்னொரு தடை இயற்கையே வைத்தது. வெளிச்சம் ஓர் அலை. துளை சிறிதாகச் சிறிதாக, ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகப் பரவி விழும். எஃப் 8இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் 10 மைக்ரானுக்குச் சற்று மேல் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சின்ன சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ 1.3 மைக்ரான். ஒரே புள்ளி ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அதனால் 3000 மி.மீ.யில் எடுக்கும் 16 மெகாபிக்சல் படத்தில் உண்மையான விவரம் 16 மெகாபிக்சலுக்கு இருக்காது. நான் மேலே சொன்ன 'ஆயிரத்துக்கு மேல்' என்ற கணக்கையும் இதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆப்டிகல் ஜூம் என்றால் எல்லையில்லாத சுத்தம் என்று நினைப்பதும் டிஜிட்டல் ஜூமை நம்புவதுபோலவே தவறு.

சரி, எது வாங்கலாம்? நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்களையும், ஏரி ஓரத்து மரங்களில் உட்காரும் சின்னப் பறவைகளையும் காலை வெளிச்சத்தில் எடுப்பதுதான் ஆசை என்றால் 600 மி.மீ., பெரிய சென்சார் பக்கம் போங்கள். நேலப்பட்டில் பறவைகள் குளத்து மரங்களில் கூடு கட்டுவதால் தூரம் கொஞ்சம் கைக்கு எட்டும். நடு ஏரியில் இருக்கும் கூட்டத்தைக் கரையிலிருந்து அடையாளம் கண்டு எண்ணிக்கை எடுப்பதுதான் வேலை, நல்ல வெயிலில் எடுத்தால் போதும் என்றால் 2000 மி.மீ. கேமரா உண்மையிலேயே பயன்படும். அப்போது படத்தின் அழகைவிட இது எந்தப் பறவை என்பதுதான் முக்கியம். ஏற்கெனவே நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப் (பறவை பார்க்கும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி) வைத்திருக்கும் பறவை ஆர்வலர்கள் அதன் கண்வில்லையில் போனைப் பொருத்தி எடுக்கிறார்கள். அதுவும் முழுக்கக் கண்ணாடி வழி பெரிதாக்கம்தான். போன்மேல் கவ்வி மாட்டும் மலிவான டெலி லென்ஸ்களை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. நடுவில் கொஞ்சம் தெளிவு, ஓரமெல்லாம் குழைவு.

இனி போன். போனின் தடிமனுக்குள் நீளமான லென்ஸ் அடங்காது. 2013இல் சாம்சங் எஸ்4 ஜூம் என்று ஒரு போனின் முதுகில் 10 எக்ஸ் லென்ஸையே வைத்து விற்றார்கள். போனா கேமராவா என்று தெரியாத பருமன், நிலைக்கவில்லை. 2019இல் ஹுவாவே பி30 ப்ரோ வேறு வழியைப் பரவலாக்கியது. வெளிச்சத்தை ஒரு பட்டகத்தால் திருப்பி, லென்ஸைப் போனுக்குள் படுக்கவைப்பது. பெரிஸ்கோப் என்பது அதுதான். அதன் பிறகு சாம்சங்கின் உயர்விலைப் போன்களிலும், 2023இல் ஐபோன் 15 ப்ரோ மேக்ஸிலும் இப்படி ஒளியை மடிக்கும் 5 எக்ஸ் அளவிலான லென்ஸ்கள் வந்துவிட்டன.

ஆனால் கேமரா செயலியில் 0.6, 1, 2, 3, 5, 10, 30, 100 என்று எண்கள் வரிசையாகத் தெரியும்போது, அவற்றில் எவற்றுக்குப் பின்னால் கண்ணாடி இருக்கிறது என்பது திரையில் தெரிவதில்லை. பெரும்பாலான போன்களில் மூன்று அல்லது நான்கு எண்களுக்கு மட்டுமே தனி லென்ஸ் இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் வெட்டல். சாம்சங் எஸ்24 அல்ட்ராவின் டெலி கேமரா 5 எக்ஸ், 50 மெகாபிக்சல். அதில் நூறு எக்ஸ் என்றால் அந்த 5 எக்ஸ் படத்தை மேலும் இருபது மடங்கு வெட்டுவது. நானூறில் ஒரு பங்கு, அதாவது 400க்கு 300 பிக்சல் அளவு மிஞ்சும். மெயின் கேமராவை வெட்டுவதைவிட எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் இது பழைய வெப்கேம் படத்தைவிடக் குறைவு.

வெட்டல் எல்லாமே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். நோக்கியா 808 ப்யூர்வியூ 2012இலேயே 41 மெகாபிக்சல் சென்சாரை வைத்து இதை நேர்மையாகச் செய்தது. படம் 5 மெகாபிக்சல் போதும் என்றால், ஜூம் செய்யும்போது நடுவே இருக்கும் பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2022இல் ஐபோன் 14 ப்ரோ 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதி 12 மெகாபிக்சலை எடுத்து 2 எக்ஸ் கொடுத்ததும் இதே வழிதான். விளம்பரங்களில் 'ஆப்டிகல் தரம்' என்று போடுவது பெரும்பாலும் இதைத்தான். 'தரம்' என்ற சொல் கூடவே வந்தால், அங்கே கண்ணாடி இல்லை, உபரிப் பிக்சல் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். நல்ல வெளிச்சத்தில் அது போதும். மாலையில், வெளிச்சம் குறைந்ததும், பிக்சல்களைச் சேர்த்து வெளிச்சம் கூட்டும் வசதி போய்விடுவதால் குறை தெரியும்.

கூகுள் 2018இல் பிக்சல் 3 போனில் செய்தது இன்னும் சுவையானது. கையில் போனைப் பிடிக்கும்போது ஏற்படும் மெல்லிய நடுக்கத்தால் அடுத்தடுத்த படங்கள் ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவில் விலகி விழும். அப்படிப் பல படங்களை எடுத்து ஒன்றுசேர்த்தால், ஒரே படத்தில் இல்லாத விவரம் உண்மையிலேயே கிடைக்கும். இது வெறும் இட்டு நிரப்புதல் இல்லை. ஆனால் பொருள் அசையாமல் இருக்க வேண்டும். கோயில் கோபுரத்துக்குச் சரி, இறக்கை விரிக்கும் பறவைக்கு உதவாது.

இதற்கு அடுத்த படியில்தான் எனக்குக் கவலை. 2023 மார்ச்சில் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, அதைச் சாம்சங் போனால் எடுத்தார். போன் கொடுத்த படத்தில் மூலப் படத்தில் இல்லாத பள்ளங்கள் தெளிவாக இருந்தன. நிலாவை அடையாளம் கண்டால் செயற்கை நுண்ணறிவு விவரங்களை மேம்படுத்துகிறது என்று நிறுவனமும் விளக்கம் கொடுத்தது. 2025இல் வந்த கூகுள் பிக்சல் 10 ப்ரோ 100 எக்ஸ் வரை போகும்போது, உயர்ந்த ஜூம்களில் படத்தை உருவாக்கும் நுண்ணறிவையே பயன்படுத்துகிறது. படம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஏரியில் இருப்பது பெரிய பூநாரையா சின்னப் பூநாரையா என்று அலகின் நிறத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டிய இடத்தில், அந்த நிறத்தை வெளிச்சம் கொண்டுவந்ததா, போன் ஊகித்ததா என்று தெரியாவிட்டால் அந்தப் படத்தை ஆதாரமாகக் கொள்ள முடியாது. பறவைக் கணக்கெடுப்புக்குப் படம் அனுப்புபவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கோடைக்குத் திரும்பிப் போகும் பறவையை அடுத்த வருடம்தான் மறுபடி பார்க்க முடியும். தவறான பதிவு அதுவரை பட்டியலில் உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் டிஜிட்டல் ஜூமை எங்கே பயன்படுத்தலாம்? படம் எங்கே போகப் போகிறது என்பதைப் பொறுத்தது. 6க்கு 4 அங்குல போட்டோவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். 12 மெகாபிக்சல் படத்தை இரண்டு மடங்கு வெட்டினாலும் 3 மெகாபிக்சல் இருக்கிறது, தாராளம். வீடியோவிலும் அப்படியே. 4கே என்பது 8 மெகாபிக்சல், ஃபுல் எச்.டி. என்பது 2 மெகாபிக்சல். 4கேயில் எடுத்து, பிறகு இரண்டு மடங்கு வெட்டி எச்.டி.யாகக் கொடுத்தால் ஒன்றும் கெடாது. ஆனால் எடுக்கும்போதே ஜூம் செய்வதைவிட, முழுதாக எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுவது நல்லது. எங்கே வெட்டுவது என்று வீட்டில் உட்கார்ந்து நிதானமாக முடிவுசெய்யலாம். பல படங்களைச் சேர்க்கும் வகைப் போன்களில் மட்டும் எடுக்கும்போதே இரண்டு மூன்று மடங்கு வரை வைப்பதில் லாபம் உண்டு. தனி கேமராவில் டிஜிட்டல் ஜூமை மெனுவுக்குள் போய் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஜூம் நெம்புகோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்போது கண்ணாடி முடிந்து கணக்கு தொடங்கும் இடத்தைத் தெரியாமல் தாண்டிவிடுவோம்.

ராக்கெட் ஏவும் நாளில் கணக்கு வேறு. எல்.வி.எம்.3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர். சூலூர்பேட்டையிலிருந்து ஏவுதளம் நேர்க்கோட்டில் 20 கி.மீ.க்கும் மேல். அந்தத் தூரத்தில் ராக்கெட் நம் கண்ணுக்கு நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். போனின் சாதாரண கேமராவில் ஐந்து பிக்சல், 600 மி.மீ.யில் 130 பிக்சல் அளவு. அப்படியானால் முழு ஜூமில் வைத்துக் காத்திருக்கலாமா? 600 மி.மீ.யில் அந்தத் தூரத்துச் சட்டம் ஒரு கி.மீ. உயரம்தான். சில நொடிகளில் ராக்கெட் சட்டத்தை விட்டு மேலே போய்விடும். 3000 மி.மீ.யில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் புகைதான் மிஞ்சும். 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2.35க்குச் சந்திரயான் 3 கிளம்பியதைப்போன்ற பகல் ஏவுதலில், 100 முதல் 200 மி.மீ. வரை வைத்து, மரங்களுக்கு மேலே நெருப்பு தலைகாட்டியதும் நிதானமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டே போவதுதான் பலன் தரும். நெருப்பும் புகைத்தடமும் சேர்ந்துதான் படம், ராக்கெட்டின் உடல் அல்ல.

எந்த லென்ஸாலும் தீர்க்க முடியாத ஒன்று காற்று. காலை ஒன்பது ஒன்பதரைக்கு மேல் சேற்றுத்திட்டு சூடேறி, தண்ணீர்மேல் கானல் ஆடத் தொடங்கும். அதன் வழியே 400 மீட்டருக்கு அப்பால் எடுக்கும் படத்தில் பூநாரையின் கால்கள் நெளியும். ஜூம் கூடக் கூட அந்த நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். அதே போன், அதே தூரம், ஏழு மணிக்கு எடுத்தால் வேறு படம். அப்புறம் கை நடுக்கம். ஷட்டர் வேகம் குவியத் தூரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி: 600 மி.மீ. என்றால் நொடியில் 600இல் ஒரு பங்கு. இப்போதைய கேமராக்களில் நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி இருப்பதால் இதைத் தளர்த்தலாம். ஆனால் அந்த வசதி நம் கையைத்தான் நிறுத்தும், பறக்கும் பறவையை நிறுத்தாது. ட்ரைபாட் இல்லாவிட்டால் பைக் சீட்மேல் ஒரு துணிமூட்டை வைத்து அதில் கேமராவைச் சாய்த்து எடுக்கலாம், எவ்வளவோ மேல். படகில் ஏறிப் பக்கத்தில் போய்விடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஓரளவுக்கு மேல் நெருங்கினால் கூட்டம் முழுக்க எழும்பிவிடும். மேய வேண்டிய நேரத்தில் அவை பறந்து வீணாக்கும் உழைப்பு நம் படத்துக்காக ஆகக் கூடாது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? இணையத்தில் '48 மெகாபிக்சல், 16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம்' என்று மலிவு விலையில் வரும் கேமராக்களில் பெரும்பாலும் நகரும் லென்ஸே இருக்காது. விவரக் குறிப்பில் 'ஆப்டிகல்' என்ற சொல்லையும் மி.மீ. எண்ணையும் தேடுங்கள், இரண்டும் இல்லாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால், கடை வாசலில் நின்று தெருவின் மறுகோடியில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை முழு ஆப்டிகல் ஜூமில் எடுங்கள். அதே இடத்திலிருந்து ஜூம் இல்லாமல் ஒன்று எடுத்து, அதை விரலால் பெரிதாக்கி, பலகையின் அடியில் இருக்கும் போன் நம்பரைப் படிக்க முடிகிறதா பாருங்கள். கடைசி முனையின் எஃப் எண் லென்ஸ் வளையத்திலும் சென்சார் அளவு விவரக் குறிப்பிலும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். போனாக இருந்தால் எடுத்த படத்தின் விவரங்களைத் திறந்து பாருங்கள். 5, 10, 30 எக்ஸில் எடுத்த படங்களில் குவியத் தூரம் மாறாமல் ஒரே எண்ணாக இருந்தால், கண்ணாடி முதல் எண்ணோடு நின்றுவிட்டது. பழைய கேமரா வாங்குபவர்கள் லென்ஸை முழுக்க நீட்டி, ஒரு டார்ச்சை முன்பக்கம் பிடித்து உள்ளே பாருங்கள். கடலோரத்தில் பயன்பட்ட கேமராவின் நீளும் குழாய் ஈரத்தையும் தூசியையும் உள்ளே இழுத்திருக்கும், வில்லைகளுக்கு நடுவே வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.